பள்ளிப் பேண்டும் முனைவர் பட்டமும்: கேட்காமல் விட்டதைத் தேடி

(சாங்கியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)



இசைக் கல்வியைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தபோது எனக்கு இரட்டை மகிழ்ச்சி. என் ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு விதையாக விழுந்த ஒரு வாக்கியம் தமிழில் சொல்லப்பட்டது. அதைத் தமிழிலேயே ஓர் அவையின் முன் வைக்க இன்றுதான் இடம் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது மகிழ்ச்சி, அந்த இடம் சாங்கியாக அமைந்தது. உயர்நிலைப் பள்ளியில் நான் டிராம்போன் கற்றுக்கொண்ட காலத்தில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அதை ஊத வழியில்லை. மேல்மாடிக்காரரும் கீழ்மாடிக்காரரும் ஒன்றாக வந்து கதவைத் தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னையும் அந்த நீளப் பெட்டியையும் பேருந்தில் ஏற்றிச் சாங்கிக் கடற்கரைக்கு அழைத்து வருவார். நான் கடலைப் பார்த்து ஒரே ஸ்வரத்தை மூச்சு முட்டும்வரை நீட்டி ஊதுவேன். அப்பா மர நிழலில் உட்கார்ந்து தமிழ் முரசைக் கடைசிப் பக்கம் வரை படிப்பார். திரும்பும் வழியில் சாங்கி கிராமத்து ராமர் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போவோம். என் இசைப் படிப்பு இந்தக் கரையில் தொடங்கியது.

இந்த மண்ணுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின் சுமார் 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் சாங்கியில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் தங்களுக்குள்ளேயே வகுப்புகள் தொடங்கினார்கள். அதைச் 'சாங்கி பல்கலைக்கழகம்' என்று அழைத்தார்கள். கச்சேரிக் குழுக்களும் அமைத்தார்கள். அந்தப் படிப்பால் பட்டமோ பதவி உயர்வோ வரப்போவதில்லை என்று தெரிந்தும் அரை வயிற்றோடு உட்கார்ந்து பாடம் கேட்டவர்களை நினைத்துக்கொண்டுதான் இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். ஏனென்றால் என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி பட்டத்தைப் பற்றியது. "பேண்டு சொல்லிக் கொடுக்க முனைவர் பட்டம் எதற்கு?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேண்டு சொல்லிக் கொடுக்க அந்தப் பட்டம் தேவையில்லை. ஆனால் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்த ஒருவர், தன் பேண்டு அறையில் தான் கேட்காமல் விட்டது என்ன என்று அறிய விரும்பினால், அந்தத் தேடலுக்கு முனைவர் பட்ட ஆய்வைப் போல உதவும் வழி வேறொன்றை நான் காணவில்லை. இதை ஐந்து படிகளாக விளக்குகிறேன்.

1. ஆறரைக் கட்டை

பள்ளியில் மதியம் வகுப்புகள் முடிந்த நேரம். பேண்டு அறையில் ஐம்பது அறுபது பிள்ளைகள். வால்வு எண்ணெய் வாடை, நனைந்த சீருடை வாடை, மூடிய பெட்டிகளின் பழைய வெல்வெட் வாடை. முதல் கால் மணி நேரம் எல்லோருக்கும் ஒரே வேலை: 'பி ஃபிளாட்' ஸ்வரத்தை நீட்டி ஊதுவது. கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன், யூஃபோனியம் இவற்றுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு. நம் கணக்கில் அது ஆறரைக் கட்டை. அதிலிருந்து ஏறி இறங்கும் முதல் ஸ்வர வரிசை 'பி ஃபிளாட் மேஜர்'. நம் காதுக்கு அது சங்கராபரணம்.

அந்தச் சங்கராபரணத்துக்கும் பேண்டுக்கும் பழைய உறவு இருக்கிறது. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசாமி தீட்சிதர் (1775–1835) அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று பெயர் பெற்ற அந்த உருப்படிகள் ஏறத்தாழ 40. பேண்டு வாத்தியமான கிளாரினெட் தஞ்சையில் நாட்டிய மேளத்துக்குள் நுழைந்தது. பின்னாளில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக்கினார். 2008இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

ஆக, நம்மவர்கள் பேண்டைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள், கேட்டதைத் தமதாக்கியும் இருக்கிறார்கள். பேண்டு நம் பிள்ளைகளைக் கேட்டதா? இதை வேறு யாரிடமும் கேட்கும் உரிமை எனக்கில்லை, என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

ஒருமுறை நாங்கள் பயிற்சி செய்த ஒரு துண்டில் நடுவே ஏழு அடி வரும் பகுதி இருந்தது. நாலும் மூன்றுமாகப் பிரியும் ஏழு. பெரிய டிரம் வாசித்த தமிழ்ப் பையன் ஒவ்வொரு முறையும் தவறினான். நான் குச்சியால் மேடையைத் தட்டி ஆங்கிலத்தில் எண்ணினேன். அவன் தாளைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், அடி தாமதமாக விழுந்தது. நான்காவது முறையும் தவறியபோது அவனை எழுந்திருக்கச் சொல்லி, இன்னொரு பிள்ளையிடம் அந்தப் பாகத்தைக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடிகோலைத் துணிமேல் ஓசை வராமல் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றான்.

ஒத்திகை முடிந்து அறையைப் பூட்டப் போகும்போது சாமான் அறையில் சத்தம் கேட்டது. அவன் டியூபா பெட்டியின்மேல் இரண்டு கையாலும் அதே பகுதியை அடித்துக்கொண்டிருந்தான். வாயில் 'தகதிமி தகிட, தகதிமி தகிட'. ஓர் அடி பிசகவில்லை. நான் வாசலில் நின்றதைக் கண்டு நிறுத்தினான். எங்கே கற்றாய் என்று கேட்டேன். சனிக்கிழமை காலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் மிருதங்க வகுப்புக்குப் போவதாகச் சொன்னான். "மிஸ்ர சாப்புதான் சார். ஆனா திருப்பிப் போட்டிருக்காங்க." தகிட தகதிமி என்று மூன்றும் நாலுமாக வருவதுதான் வழக்கமான மிஸ்ர சாப்பு, அதை நாலும் மூன்றுமாகத் திருப்பினால் விலோமம். மிருதங்கக்காரர்களிடம் அதற்குப் பெயரே இருக்கிறது. என்னிடம் இருந்தது எண்ணிக்கை மட்டும்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க கேக்கல, சார்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பேண்டு அறையில் அது கேட்கப்படும் விஷயம் என்றே அவன் நினைத்திருக்கவில்லை. என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்கு அந்த இரவே குறிப்பு எழுதினேன். அது முதல் அத்தியாயம் என்று தெரிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

2. அணிவகுப்புக்காகப் பிறந்தது

நான் கேட்காமல் போனதற்கு என் குணம் ஒரு காரணம். பள்ளிப் பேண்டு பிறந்த விதம் இன்னொன்று. 1965இல் தனி நாடான சிங்கப்பூர், பல இன மக்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்க விரும்பியது. அந்த 1960களில்தான் உயர்நிலைப் பள்ளிகளில் பேண்டுகள் பெருகின. அன்று அவற்றுக்கு 'மிலிட்டரி பேண்டு' என்றே பெயர். 1967இல் சிங்கப்பூர் இளையர் விழா தொடங்கியது. பேண்டுகள் ஒன்றையொன்று அளந்து பார்க்கும் மேடையாக அது வளர்ந்தது.

இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். வாத்தியம் வாங்கப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியே வாத்தியம் கொடுத்தது. என் கையில் டிராம்போன் வந்ததும் அப்படித்தான். அப்பாவின் சம்பளத்தில் அதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே மூச்சில் தொடங்கி ஒரே மூச்சில் முடிக்கப் பழகினார்கள். இந்தப் பேறு எத்தனை நாடுகளின் ஏழைப் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது?

ஆனால் அணிவகுப்புக்காகப் பிறந்த ஒன்று அணிவகுப்பின் கேள்வியைத்தான் கேட்கும்: எல்லோரும் சேர்ந்து இருக்கிறார்களா? ஒவ்வொருவரும் என்ன கேட்கிறார்கள் என்பது அதன் கேள்வி அல்ல. பரிசு முறை அதை இறுக்கியது. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்றிருந்த தரவரிசையைக் கல்வி அமைச்சு 2013இல் மாற்றி, போட்டியின் சூட்டைத் தணித்தது. நல்ல மாற்றம். பெயர் மாறினாலும் ஒத்திகை அறையின் பழக்கம் அத்தனை சீக்கிரம் மாறவில்லை. குச்சி பிடித்தவர் கேட்பதும் மற்றவர்கள் செய்வதுமாகத்தான் இருந்தது.

இந்தச் சிக்கல் சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பேண்டு மரபிலேயே வளர்ந்த ரேண்டல் ஆல்சப், கேத்தி பெனடிக்டுடன் சேர்ந்து 2008இல் 'பேண்டின் பிரச்சினைகள்' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த மரபு தன்னையே கேள்வி கேட்டுக்கொள்ளத் தயங்குவதையும், அந்த அறைக்குள் அச்சம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அது பேசியது. படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. துணியின்மேல் ஓசையில்லாமல் வைக்கப்பட்ட அந்த அடிகோல் கண்முன் நின்றது. இங்கே நம்மிடையே லெனர்ட் டான் இருக்கிறார். இசைக்குழு நடத்துபவர்; இந்தியானா பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வியில் முனைவர் பட்டம் பெற்றுத் தேசியக் கல்விக் கழகத்துக்கு வந்தவர். வாத்திய இசைக் கல்வியின் தத்துவத்தைச் சீனச் சிந்தனை மரபின் துணையோடு எழுதினார். பேண்டை நடத்திய கையே அதைப் பற்றிச் சிந்தித்தும் எழுதலாம் என்பதற்கு நான் கண்ட அருகாமைச் சான்று அவர். பண்டைச் சீனச் சிந்தனையாளர் சுன்சியை அவர் துணைக்கு அழைத்துக்கொண்டார் என்றால், நம் பிள்ளையின் விலோம சாப்பை நான் ஏன் அழைத்துக்கொள்ளக் கூடாது?

3. ஒலிப்பதிவில் என் குரல்

இளம் ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். நடைமுறையைச் சொல்கிறேன். முனைவர் பட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் வேறுவேறு பாதைகள் இருக்கின்றன. வாத்தியத்திலோ இசைக்குழு நடத்துவதிலோ தேர்ச்சியைக் காட்டிப் பெறும் இசைப் பட்டம் ஒன்று. பணியில் இருப்பவர் தன் பணியையே ஆராயும் கல்வியியல் முனைவர் பட்டம் இன்னொன்று. புதிய அறிவை முன்வைத்து நீண்ட ஆய்வேடு எழுதும் பட்டம் மூன்றாவது. அமெரிக்காவில் பல இசைக் கல்வித் துறைகள், சில ஆண்டுகளாவது பள்ளியில் கற்பித்திராதவரை முனைவர் பட்டத்துக்குச் சேர்ப்பதே இல்லை. அந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பிள்ளைகள் இல்லாத அறையில் பிறக்கும் கேள்விக்கு ஆறு ஆண்டு உழைப்பைத் தாங்கும் வலு இருக்காது.

நான் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். தேசியக் கல்விக் கழகம் 2000இல் ஜூரோங் வளாகத்துக்குப் போய்விட்டதால் எனக்கு அது தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பயணம். தானா மேராவில் ஏறினால் பூன் லே, அங்கிருந்து பேருந்து. கிறிஸ்டோபர் ஸ்மாலின் புத்தகத்தை அந்தப் பச்சை ரயில் பாதையில்தான் படித்து முடித்தேன். இசை என்பது பொருளல்ல, மனிதர்கள் சேர்ந்து செய்யும் செயல் என்று 1998இல் எழுதியவர் அவர். கச்சேரியில் வாசிப்பவர், கேட்பவர், நாற்காலி போடுபவர் எல்லோரையும் அவர் அந்தச் செயலுக்குள் சேர்த்துக்கொள்கிறார். கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்துக்கு முன்னால் தாளம் பிடித்து நடந்த எவருக்கும் இது புதிதாகத் தெரியாது. எழுதப்பட்ட வடிவில் அதைக் கண்டது எனக்குத் துணிவு தந்தது.

களப்பணிதான் என்னைப் புரட்டிப் போட்டது. என் சொந்தப் பேண்டு ஒத்திகைகளையே ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்டேன். ஆய்வு நெறிமுறைக் குழு ஒரு கேள்வி அனுப்பியது: மதிப்பெண்ணும் பொறுப்பும் உங்கள் கையில் இருக்கும்போது, விருப்பமில்லாத பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்லும்? பத்து ஆண்டுக்கு மேல் ஆசிரியராக இருந்தவன் நான். அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஒப்புதல் தாள்களை வேறோர் ஆசிரியர் வாங்கினார். யார் ஒப்புக்கொண்டார்கள், யார் மறுத்தார்கள் என்பது அந்த ஆண்டு முடியும்வரை எனக்குத் தெரியாதபடி ஏற்பாடு செய்தோம். படிவம், கையெழுத்து, உறை என்று அலுப்பாகத் தோன்றும் இந்த வேலைகள்தான் ஆசிரியரின் அதிகாரத்தை எனக்கு முதன்முதலாகக் கண்ணில் காட்டின.

பிறகு கேட்டு எழுதும் வேலை. ஒரு மணி நேரப் பதிவை வரிவரியாக எழுத ஒரு வாரத்தின் மாலைகள் போகும். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் கேட்டது என் குரல். அடுத்தும் என் குரல். 'இன்னொரு தடவை.' 'முதலிலிருந்து.' 'தாமதம்.' 'ஏன் பார்க்கவில்லை?' நான் கேள்விகள் கேட்டிருந்தேன். அவை எல்லாம் பதில் எதிர்பாராத கேள்விகள். நான் பேசி நிறுத்திய இடைவெளிகளில், தூரத்தில், மூன்றாம் கிளாரினெட் பிள்ளைகள் இருவர் தங்களுக்குள் மெல்லப் பாடிப் பார்த்து இழையைச் சரிசெய்துகொள்வது பதிவில் இருந்தது. நான் கேட்டு வாங்க வேண்டியதை அவர்கள் எனக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த நொடியே என் குரல் அதை மூடியது.

அந்தச் சில நொடிகளைப் பற்றி எழுத எனக்கு ஓர் அத்தியாயம் தேவைப்பட்டது. மேடையில் நிற்கும்வரை அது என் காதில் விழுந்திருக்காது. ஆய்வு என்னை மேடையிலிருந்து இறக்கிப் பின்வரிசையில் உட்கார வைத்தது.

4. ஐம்பதைக் கடந்த மாணவர்

நடுவயதில் மாணவராகத் திரும்புவது நம் மரபில் இல்லாத ஒன்றா? பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி (1901–1973) சென்னையில் இசை கற்பித்துக்கொண்டிருந்தவர். 1931இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று மேலை இசையும் இசையியலும் படித்தார். திரும்பி வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறையை வளர்த்தார். அங்கே கற்ற ஒழுங்கைக் கொண்டு தென்னிந்திய இசையைப் படிப்படியான பாடநூல்களாக எழுதினார். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அந்தப் பாகங்களைப் படித்துத் தேர்வு எழுதினார்கள்.

எஸ். இராமநாதனை (1917–1988) நான் இன்னும் அதிகமாக நினைத்துக்கொள்வேன். பாடகர், வீணைக் கலைஞர், மதுரையில் சங்கீத வித்யாலய முதல்வர். எல்லோரும் 'அண்ணா, இனி ஓய்வு' என்று சொல்லும் வயதில், ஐம்பதைக் கடந்தபின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பாடத் தெரிந்தவருக்குப் பட்டம் எதற்கு என்று அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். இளங்கோவடிகள் எழுதி வைத்த இசைச் செய்திகளைப் பாடும் தொண்டை கொண்டு சோதித்துப் பார்த்தவர் அவர். புத்தக அறிவு மட்டும் உள்ளவரால் அதைச் செய்திருக்க முடியாது. கச்சேரி அறிவு மட்டும் உள்ளவருக்கு அந்தத் தேவையே தோன்றியிருக்காது. பேண்டு ஆசிரியரின் ஆய்வுக்கு நான் கேட்பதும் இந்த இரட்டைக் கையைத்தான்.

ஆய்வு வகுப்பறைக்குத் திரும்பி வந்ததற்கு நம் மரபுக்கு வெளியிலும் சான்று உண்டு. ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாய், நடுவயதில் அல்ல, இளவயதில், 1906இலேயே நாட்டுப்பாடல்களின் அமைப்பை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். பள்ளிப் பிள்ளைகள் பாடக் கற்கும் முறையைப் பின்னாளில் அவர் மாற்றியதற்கு அந்த ஆய்வு அடித்தளமாக இருந்தது.

5. பட்டம் வாங்கியபின்

என் ஆய்வு கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேண்டு பிள்ளைகளில் பலருக்கு வேறோர் இசை வாழ்க்கை இருக்கிறது. கொம்பாங் அடிக்கும் பையன், குஜெங் மீட்டும் பெண், தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவன், உருமி மேளத்தில் மாமாவோடு போகிறவன். பேண்டு அறை வாசலில் செருப்பைப் போல அதைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள். உள்ளே கொண்டுவரச் சொன்னபோது தாளம் பிடிப்பது எளிதானது, ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்கள். எல்லோரும் அப்படி மலர்ந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரு பெண் மறுத்துவிட்டாள். வீட்டில் வீணை வாசிப்பவள். "அது எனக்கு மட்டும், சார். இங்க வேண்டாம்." அவள் சொன்னதையும் ஆய்வேட்டில் வைத்தேன். பிள்ளை கொண்டுவருவதைக் கேட்பது எவ்வளவு தேவையோ, கொண்டுவராமல் வைத்துக்கொள்வதை விட்டுவிடுவதும் அவ்வளவு தேவை.

டியூபா பெட்டியில் தாளம் போட்ட பையன் நான் ஆய்வுக்காகப் பதிவுசெய்த பிள்ளைகளில் இல்லை. நான் களப்பணி தொடங்கியபோது அவன் பள்ளியை முடித்து, தேசிய சேவையையும் முடித்திருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அந்த நாள் நினைவில் இல்லை.

பட்டம் வாங்கிய பேண்டு ஆசிரியர்கள் பெரும்பாலும் பள்ளியை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று ஒரு குறை கேட்கிறது. நியாயமான குறை. அதனால் இந்த அறக்கட்டளையினரிடம் ஒரு வேண்டுகோள். பரிசுக் கேடயங்களுக்கு இனி ஆள் தேவையில்லை. பள்ளியில் பணியாற்றிக்கொண்டே ஆய்வு செய்ய நினைக்கும் ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் ஒருநாளை வாங்கிக் கொடுங்கள். அந்த ஒருநாள் எனக்குக் கிடைத்திருந்தால் இரண்டு ஆண்டுகள் முன்னதாக முடித்திருப்பேன். பின்வரிசைப் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் முன்னதாகக் கேட்கப்பட்டிருப்பார்கள்.

தமிழில் இதை எழுதவும் ஆள் வேண்டும். பேண்டைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் பாதிச் சொற்கள் இல்லை. தாளத்தைப் பற்றிப் பேசும்போது பேண்டுக்காரர்களிடம் பாதிச் சொற்கள் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரு சிறு கைந்நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு அடிப் பகுதி முடியவில்லை.

முன்வரிசையில் மிருதங்க ஆசிரியர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். விலோம சாப்பைப் பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் நாள் எப்படித் தொடங்குகிறீர்கள்? சொல்லாலா, கையாலா, ஏற்கெனவே தெரிந்த பாட்டாலா? என் பையில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. தேநீர் வேளையில் அந்த ஜன்னலோர மேசையில் இருப்பேன்; வந்து போட்டுக் காட்டுங்கள்.